மணி பிளாண்ட் கொடிய வெட்டி வீட்டுலயே புதுச் செடி வளர்க்குறது எப்படி: கேஎல் வெயிலுக்கும் கொசுவுக்கும் ஏத்த முழு வழிகாட்டி

மணி பிளாண்ட் வெட்டி வளர்க்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான், ஒரு போத்தல், கொஞ்சம் தண்ணி, அதுல ஒரு கொடி, முடிஞ்சது. ஆனா தெரிஞ்சவங்க வீட்டுல போய் பாத்தா கொடி வேர் விட்டு மாசக்கணக்கா அதே போத்தல்ல அப்படியே நிக்கும், மண்ணுக்கு மாத்துனா வாடிரும், இல்லன்னா வெறும் எலை மட்டும் தண்ணில பச்சையா நிக்கும், ஒரு துளிர் வராது. அதனால முழுசா எழுதிரலாம்னு உக்காந்தேன். என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடுறேன், கேஎல் (கோலாலம்பூர்) மாதிரி வருஷம் பூரா சூடும் ஈரமுமா இருக்குற ஊர்ல தண்ணி போத்தல் அவசியமே இல்ல, நேரா மண்ணுல நடுறதுதான் மேல். போத்தல்தான் அழகுன்னு நெனைக்கிறவங்களுக்கு அந்த முறையும் கீழ இருக்கு, டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சமாச்சாரத்தோட சேத்து.

"திருடி வெச்சாத்தான் மணி பிளாண்ட் வளரும்"னு நம்ம ஆளுங்க சொல்வாங்க இல்லையா, நம்பாதீங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட கேட்டு வாங்கினாலும் நல்லாவே வளரும். சொல்லப்போனா திருடுறவன் அவசரத்துல ஒத்த எலைய கிள்ளிட்டு ஓடுவான், அது ஜென்மத்துக்கும் செடி ஆகாது. ஏன்னு அடுத்து சொல்றேன்.

இந்தச் செடிக்கு வெட்டுறதுதான் வழி

இதோட சொந்த ஊரு பசிபிக் கடல்ல இருக்குற மோரேயா தீவு, பிரெஞ்சு பாலினீசியாவுல. செடியோட பேரு எபிப்ரெம்னம் ஆரியம். இது பூக்குறதே இல்லன்னு சொல்லலாம், தானா பூத்ததா பதிவானது கடைசியா 1964ல. 2016ல வந்த ஒரு ஆராய்ச்சி காரணத்தையும் கண்டுபிடிச்சிருச்சு, பூக்க வைக்கிற ஜிபெரெலின்ங்குற ஹார்மோன தயார் பண்ற மரபணு இதுல சரியா வேல செய்யல. பூ இல்லன்னா காய் இல்ல, விதை இல்ல. அப்போ உங்க வீட்டு வாசல்ல தொங்குறதும் சிரம்பான்ல உங்க அத்த வீட்டு கிச்சன்ல தொங்குறதும் யாரோ எங்கயோ வெட்டின கொடியோட தொடர்ச்சிதான். வெட்டினா செத்துருமோன்னு கத்திரிய கையில வெச்சிக்கிட்டு தயங்குறவங்களுக்காகத்தான் இத சொல்றேன், வெட்டு வாங்கி வாங்கியே உலகம் சுத்தின செடி இது.

கணு, கணு, கணு

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மிச்சமெல்லாம் சும்மா. கொடிய கையில எடுத்து மெதுவா தடவிப் பாருங்க, எலைக்காம்பு கொடியோட சேர்ற எடத்துல லேசா வீங்கின மாதிரி ஒரு வளையம் இருக்கும், அதான் கணு. கணுவுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, காம்போட கக்கத்துல ஒளிஞ்சிருக்குற மொட்டு, புதுக் கொடி கிளம்புறது அங்கேர்ந்துதான். இன்னொண்ணு, பழுப்பு நெறத்துல சின்னதா முட்டிக்கிட்டு நிக்கிற காத்து வேர், அது மரத்த புடிச்சு ஏறுறதுக்காக செடி தயாரா வெச்சிருக்குறது, ஈரம் பட்டா நெஜ வேரா மாறிடும். நெறைய பேர் இந்த பழுப்பு முட்டிய பாத்துட்டு ஏதோ பூச்சி, ஏதோ சீக்குன்னு சுரண்டி எடுத்துடுறாங்க, எடுக்காதீங்க, அதுதான் நமக்கு வேணும்.

எலையும் காம்பும் மட்டும் வெட்டி தண்ணில வெச்சா சில சமயம் வேர் கூட வரும், பாக்க சந்தோஷமா இருக்கும், ஆனா மொட்டு இல்லாததால எத்தன வருஷம் வெச்சாலும் அது எலையாவே இருந்துட்டு ஒரு நாள் மஞ்சளாகி போயிரும். ரெண்டு கணுவுக்கு நடுவுல இருக்குற வெறும் தண்டு அதவிட மோசம், அழுகுறத தவிர வேற ஒண்ணும் பண்ணாது. எஸ்டேட்ல மரவள்ளிக் குச்சி நட்டு பழகின குடும்பத்துக்கு இதெல்லாம் பாடமே இல்ல, கண்ணு இருக்குற குச்சியா பாத்து ஊனுற அதே கதைதான்.

எந்தக் கொடிய வெட்டுறது

கையளவு எலையோட, தண்டு கெட்டியா, கணுவுக்கு கணு நெருக்கமா இருக்குற கொடியா பாருங்க. ரொம்ப நாளா தொங்கிக்கிட்டு எலை சிறுத்து, கணுவுக்கு நடுவுல தூரம் கூடி நூலு மாதிரி ஆன வால் பகுதியும் வேர் விடும், ஆனா செடி தெம்பா கெளம்பாது. இந்தச் செடி மேல ஏறினா எலை பெருசாகும், கீழ தொங்கினா சிறுசாகும், அதோட குணமே அப்படி. ரோட்டோரம் பெரிய மழை மரத்துல ஏறி எலை ஒரு முழத்துக்கும் மேல விரிஞ்சு கிழிஞ்சு கிழிஞ்சு நிக்கிறத பாத்திருப்பீங்க, நெறைய பேர் அது வேற செடின்னு நெனைக்கிறாங்க, அதுவும் இதேதான். அதுலேர்ந்து வெட்டிட்டு வந்து சட்டில வெச்சா பெரிய எலை வரும்னு மட்டும் கனவு காணாதீங்க, மறுபடி சின்ன எலைலேர்ந்துதான் ஆரம்பிக்கும்.

மஞ்சள், வெள்ளை கலர் ஓடுற ஜாதின்னா, உதாரணத்துக்கு மார்பிள் குயின், என்ஜாய், எலைய மட்டும் பாக்காதீங்க, தண்டுலயும் அந்தக் கோடு ஓடுதான்னு பாருங்க. தண்டு சுத்தி பச்சையா இருந்தா வர்ற துளிரும் பச்சையாத்தான் வர வாய்ப்பு. முழுக்க வெள்ளையா இருக்குற துண்டு பாக்க அழகு, ஆனா பச்சை இல்லாம அதால சாப்பாடு தயாரிக்க முடியாது, வேர் விடவே திணறும். பாதிக்கு பாதி கலந்தத எடுங்க. பச்சை கம்மியா இருக்குற ஜாதியெல்லாம் சாதா மணி பிளாண்ட விட மெதுவாத்தான் வேர் விடும், பொறுமை வேணும்.

வெட்டுறதுக்கு முன்னாடி எலைக்கு அடில, காம்பு இடுக்குல வெள்ளையா பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கான்னு ஒரு தடவ திருப்பிப் பாத்துடுங்க. ஓசில வாங்குற கொடியோட இதுவும் ஓசில வரும். இருந்தா ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடச்சி எடுத்துட்டு, ரெண்டு வாரம் மத்த செடிகிட்ட சேக்காம தனியா வைங்க.

வெட்டுறது

கத்திரிய சானிடைசர் போட்டு துடைங்க, கோவிட் நேரத்துல வாங்கினது எல்லார் வீட்டுலயும் இன்னும் ஒரு போத்தல் கெடக்கும். கணுவுக்கு கீழ ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு நேரா வெட்டுங்க, சாய்வா வெட்டணும்னு கட்டாயம் இல்ல. நீளக் கொடிய ஒரே துண்டா நடாதீங்க, அது வீண், ஒரு மீட்டர் கொடிய துண்டு போட்டா பத்து கணு கெடச்சா பத்து செடி. ஒரு கணுவும் ஒரு எலையும் இருந்தா போதும், ஆனா புதுசா செய்யுறவங்க ரெண்டு கணு, ரெண்டு எலை இருக்குற மாதிரி 10லேர்ந்து 15 சென்டிமீட்டர் துண்டா வெட்டிக்கிட்டா ஒண்ணு அழுகினாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ரெண்டு கணு துண்டுன்னா கீழ் கணுவுல இருக்குற எலைய எடுத்துடுங்க, அந்தக் கணுதான் மண்ணுக்குள்ள போகப்போகுது.

எது மேல் பக்கம், எது கீழ் பக்கம்னு மறந்துடாதீங்க, எலை இல்லாத துண்டுன்னா ரொம்பவே குழம்பும். தலைகீழா நட்டா வராது. குழப்பமா இருந்தா படுக்க வெச்சு பாதி மண்ணு மூடுனா போதும், மொட்டு தானே வழி பாத்துக்கும்.

வெட்டின எடத்துல வர்ற சாறு சிலருக்கு அரிக்கும். சேனை, கருணை, கெலாடி (சேம்பு) எல்லாம் இதோட சொந்தக்காரங்கதான், எல்லாத்துலயும் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் இருக்கு. கையுறை போட்டுக்கங்க, இல்லன்னா முடிச்சதும் சோப்பு போட்டு கழுவுங்க, கண்ணு பக்கம் கைய கொண்டு போகாதீங்க. வீட்டுல தவழுற குழந்தை, பூனை, நாய் இருந்தா வெட்டிப்போட்ட எலைய தரையில விடாதீங்க, கடிச்சா வாயும் தொண்டையும் எரிஞ்சு வீங்கும்.

வேர் விட வைக்கிற பவுடர் விக்கிறான், வேணாம். வெட்டின தண்டுக்குள்ள ஆக்ஸின்ங்குற ஹார்மோன் தானா மேலேர்ந்து கீழ எறங்கி வெட்டுவாய்ல சேரும், வேர் வர்றதுக்கு அதுவே போதும். தேன், பட்டைத்தூள், ஆஸ்பிரின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, பட்டைத்தூள குழம்புக்கு வெச்சிக்கங்க.

மண்ணுல நடுறது (என் ஓட்டு இதுக்குத்தான்)

குளிர் நாட்டுக்காரங்க வீடியோவுல போத்தல்ல வைக்கிறாங்க, பிளாஸ்டிக் பை போட்டு மூடுறாங்க, அடியில சூடு பண்ற மேட் எல்லாம் வைக்கிறாங்க, அதுக்கு காரணம் அவங்க வீட்டுக் காத்து காஞ்சு கெடக்கும், குளுரும். நம்மகிட்ட பகல்ல 32, 33 டிகிரி, ராத்திரிலயும் 22க்கு கீழ எறங்குறது அபூர்வம், காத்துல ஈரம் எப்பவும் இருக்கு. வேர் இல்லாத துண்டு வாடுறதுக்கு முன்னாடி இங்க வேர் வந்துரும். ஏர்கான் நாள் பூரா ஓடுற ரூம்ல மட்டும் வைக்காதீங்க. மண்ணுல வர்ற வேர் ஆரம்பத்துலேர்ந்தே மண்ணுக்கு பழகின வேர், அப்புறம் மாத்துற தலைவலி இல்ல, கொசு இல்ல.

மண்ணு விஷயத்துக்கு கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க, ஏன்னா இங்க செடி சாகுறது வெயிலால இல்ல, சேறால. தாமான்ல (குடியிருப்புல) வீட்டு முன்னாடி இருக்குற செம்மண்ண அப்படியே அள்ளி சட்டில போட்டா மழை ஈரத்துல களிமண்ணா இறுகிடும், வேருக்கு மூச்சு விட எடம் இருக்காது. நர்சரில கருப்பு மண் ஒரு மூட்ட, கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) ஒரு கட்டி, கருக்கின நெல் உமி ஒரு பை வாங்குங்க, உமிய மலாய்ல சேகாம் பாக்கார்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க, பெர்லைட்ட (மண்ண லேசாக்குற வெள்ளைத் துகள்) விட வெல கம்மி, வேலையும் கிட்டத்தட்ட அதே வேல. கருப்பு மண் ரெண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, உமி ஒரு பங்கு. கைப்பிடி எடுத்து இறுக்கி விட்டா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். கோகோபீட் கட்டிய தண்ணில ஊற வெச்சு ஒரு தடவ அலசிட்டு போடுங்க, சிலதுல உப்பு இருக்கும்.

வாங்குறதுக்கு கேஎல் பக்கத்துல இருக்குற சுங்கை பூலோ பக்கம் ஒரு சனிக்கெழம போய் வாங்க, வரிசையா நர்சரிதான். 1930ல தொழுநோயாளிங்களுக்காக உண்டாக்கின குடியிருப்பு அங்க இருந்துச்சு, அங்க இருந்தவங்க பொழப்புக்காக செடி வளர்த்து வித்ததுலேர்ந்து வந்த தொழில் அது. அங்க மணி பிளாண்ட சீரே காடிங்னு எழுதி வெச்சிருப்பாங்க, அதுவும் இதுதான்.

இப்ப நடுறது. 12 இல்லன்னா 15 சென்டிமீட்டர் சட்டி, அடில ஓட்டை கட்டாயம். மண்ண நெரப்பி, தண்ணி ஊத்தி, முழுசா வடிய விட்டுட்டு அப்புறம் நடுங்க, நட்டுட்டு ஊத்தினா துண்டெல்லாம் சாஞ்சிரும். பென்சிலால குழி போட்டு கணு ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழத்துல இருக்குற மாதிரி எறக்கி சுத்தி லேசா அமுக்குங்க. ஒரு சட்டிக்கு ஆறு, ஏழு, எட்டு துண்டு வைங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மணி பிளாண்ட் தானா கிளை விடுறது ரொம்ப கம்மி, ஒரு துண்டு வெச்சா ஒரே கயிறாத்தான் தொங்கும், கடையில பாக்குற புதர் மாதிரி சட்டியில ஒரே சட்டிக்குள்ள பல துண்டு இருக்கு, ரகசியம் அவ்வளவுதான்.

முதல் மூணு வாரம் மண்ணு ஈரமா இருக்கணும், ஆனா நொச நொசன்னு இருக்கக்கூடாது, விரல ஒரு கணு அளவு உள்ள விட்டுப் பாத்து மேல காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. தினமும் புடுங்கிப் பாக்குற ஆசைய அடக்குங்க. மூணு வாரம் கழிச்சு மெதுவா இழுத்துப் பாத்தா புடிச்சு நிக்கும், வேர் வந்தாச்சுன்னு அர்த்தம். புதுத் துளிர் அதுக்கும் ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் வரும், நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்பதான் நெறைய பேர் தூக்கிப் போட்டுடுறாங்க.

போத்தல்லதான் வைப்பேன்னா

வைங்க, ஆனா போத்தல பாத்து எடுங்க. கண்ணாடி தெளிவா இருந்தா வெளிச்சம் பட்டு பாசி புடிக்கும். பிராண்ட்ஸ் சிக்கன் எசன்ஸ் போத்தல் இருக்கே, குட்டியா, பழுப்பா, கழுத்து குறுகலா, இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், சுடுதண்ணி ஊத்தி நல்லா கழுவிட்டு எடுத்துக்கலாம். கணு முங்கணும், எலை முங்கக்கூடாது, எலை தண்ணில பட்டா அழுகி மொத்தத்தையும் நாற வைக்கும். பைப் தண்ணியே போதும்.

இப்ப கொசு. ஏடிஸ் சாக்கடைல முட்ட போடுற கொசு இல்ல, நீங்க போத்தல்ல ஊத்தி வெச்சிருக்குற இந்த மாதிரி சுத்தமான, அசையாத தண்ணிதான் அதுக்கு புடிக்கும். முட்டைய தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல ஈரமா இருக்குற சுவத்துல ஒட்ட வைக்கும். அந்த முட்டை காஞ்சு போனாலும் மாசக்கணக்கா உசிரோட இருக்கும், மறுபடி தண்ணி தொட்டா பொரிக்கும். நம்ம ஊர் சூட்டுல முட்டைலேர்ந்து பறக்குற கொசு ஆக ஏழுலேர்ந்து பத்து நாள் போதும். அதனால தண்ணிய மாத்துறேன்னு பழச கொட்டிட்டு புதுச ஊத்தினா மட்டும் ஒரு பிரயோஜனமும் இல்ல, முட்டை சுவத்துலயே இருக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவ தண்ணிய மாத்துங்க, ஒவ்வொரு தடவயும் போத்தலோட உள் சுவத்த பிரஷ் போட்டு தேய்ங்க, தண்டையும் வேரையும் விரலால லேசா வழிச்சு விடுங்க. போத்தல் வாய்ல தண்ட சுத்தி பஞ்சு அடைச்சிடுங்க, கொசு உள்ள போக சந்து இருக்கக்கூடாது.

சுகாதார இலாகா ஆளுங்க செக் பண்ண வந்து ஜெந்திக் ஜெந்திக் (கொசுப் புழு) இருந்துச்சுன்னா 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கொம்பவுன் (கோர்ட்டுக்கு போகாம கட்டுற அபராதம்) போடலாம், கோர்ட்டுக்கு போனா நோய் பரப்புற பூச்சிய ஒழிக்கிறதுக்கான 1975 சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ரெண்டு வருஷம் வரை ஜெயிலோ, ரெண்டுமோ. ஓசில வந்த கொடிக்கு இது கொஞ்சம் அதிகம். லீவுக்கு ஊருக்கு போறீங்கன்னா போத்தல்ல இருக்குற எல்லாத்தையும் மண்ணுல நட்டுட்டுப் போயிடுங்க.

தண்ணில பத்து நாள், ரெண்டு வாரத்துல வெள்ளையா வேர் தெரியும். அது மூணுலேர்ந்து அஞ்சு சென்டிமீட்டர் ஆனதும் உடனே மண்ணுக்கு மாத்திடுங்க, ஒரு சாண் வேர் வரட்டும்னு காத்திருக்காதீங்க. தண்ணில வளந்த வேர் தண்ணிக்கு பழகினது, எவ்வளவு நாள் விடுறீங்களோ அவ்வளவு கஷ்டப்படும் மண்ணுல. மாத்தின முதல் பத்து நாள் மண்ண வழக்கத்த விட ஈரமா வெச்சு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க. ஒண்ணு ரெண்டு பழைய எலை மஞ்சளாகும், பரவால்ல.

மேல மொட்டையாகி கீழ மட்டும் வால் தொங்குற பழைய சட்டி வெச்சிருக்கீங்களா? அதுக்கு வெட்டவே வேணாம். நீளக் கொடிய மேல தூக்கி மண்ணு மேலயே வட்டமா சுத்தி, ஒவ்வொரு கணுவும் மண்ண தொடுற மாதிரி பழைய ஹேர்பின்னால குத்தி வைங்க. தாய்க்கொடிலேர்ந்து சாப்பாடு வந்துக்கிட்டே இருக்குறதால அழுகுறது அபூர்வம், கொஞ்ச நாள்ல மொட்டை மண்டை நெறய ஆரம்பிச்சிரும்.

எங்க வைக்கிறது

பேப்பர் படிக்கிற அளவுக்கு வெளிச்சம், நேர் வெயில் இல்லாம. நாம பூமத்திய ரேகைக்கு மூணு டிகிரி மேல இருக்கோம், அதனால ஜூன் பக்கம் வடக்கு ஜன்னல்லயும் டிசம்பர் பக்கம் தெற்கு ஜன்னல்லயும் வெயில் எட்டிப் பாக்கும், கிழக்குன்னா காலை வெயில் கொஞ்சம் பட்டாலும் தாங்கும். கொண்டோ பால்கனி மேற்கு பாத்திருந்தா சாயங்காலம் வேர் இல்லாத துண்டெல்லாம் வெந்துரும், துணி காயப்போடுற கம்பிக்குப் பின்னாடி நிழல்ல வைங்க. சாமி மேடை பக்கத்துல வைக்கிறவங்க இருக்காங்க, வைக்கலாம், ஆனா இருட்டு மூலைல வேர் மெதுவா வரும், கலர் ஜாதின்னா கலரும் மங்கும்.

வெட்டினப்புறம் வர்ற பிரச்சன

தண்டு அடில பழுப்பாகி நசுங்கினா அழுகல். கெட்டியா பச்சையா தெரியுற வரைக்கும் மேல மேல வெட்டி, நிழல்ல ரெண்டு மூணு மணி நேரம் காய விட்டு புது மண்ணுல வைங்க, மிச்சம் ஒரு கணு இருந்தா கூட பொழைக்கும். மண்ணு மேல குட்டி குட்டியா கருப்புப் பூச்சி பறந்தா தண்ணி ஜாஸ்தின்னு அர்த்தம், மருந்து தேடாம மண்ண காய விடுங்க. எலை எல்லாம் நல்லா இருந்து துளிர் மட்டும் வரலன்னா வெளிச்சம் பத்தல. உரம்? வேர் புடிச்சு புது எலை விரியுற வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க, அதுக்கப்புறம் பாக்கெட்ல போட்டிருக்குற அளவுல பாதி, மாசம் ஒரு தடவ. தொங்கவிட்ட சட்டிக்கு அடில தட்டு இருந்தா தேங்குற தண்ணிய கொட்டிடுங்க, கொசு அங்கயும் வரும்.

வெட்டின தாய்ச்செடிய மறந்துடாதீங்க, கடைசியா மிச்சம் இருக்குற கணுவுலேர்ந்து ரெண்டு மூணு வாரத்துல புதுத் தலை கெளம்பும், சில சமயம் ரெண்டு கணுவுலயும். தீபாவளிக்கு வர்றவங்களுக்கு முறுக்கு டப்பாவோட ஒரு சட்டி குடுக்கலாம்னா எட்டு வாரம் முன்னாடி வெட்ட ஆரம்பிங்க, கையில குடுக்குறப்ப புது எலை இருக்கும்.

எல்லாருக்கும் குடுத்தும் மீந்துச்சுன்னா, கண்டிப்பா மீந்துரும், வீட்டுக்குப் பின்னாடி லோங்காங் (சாக்கடை) ஓரமோ காட்டு ஓரமோ வீசாதீங்க. ஸ்ரீலங்காவுல கண்டில இருக்குற உடவத்தகலை காட்டுக்குள்ள இதே செடி தரைய மூடி மரத்துல ஏறி மத்ததெல்லாம் முளைக்க விடாம பண்ணிக்கிட்டு இருக்கு, நம்ம ஊர் மழைக்கு இங்கயும் ஒரு கணு கெடச்சா போதும். பால்கனி வெயில்ல பரப்பி நல்லா சருகா ஆகுற வரைக்கும் காய விட்டு, பையில கட்டி குப்பைல போடுங்க.